சுவிட்சை அணைத்த பிறகும் நிற்கும் வோல்டேஜை இறக்குவது எப்படி? பவர் சப்ளை கட்டுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு மூன்று தடவை திரும்பி வந்தது. "கரண்ட் போய்ட்டு வந்தா தூங்கிடுது" என்பதுதான் புகார். எங்கள் மேசையில் வைத்தால் ஒரு குறையும் தெரியாது. நாங்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து போடுவோம். வாடிக்கையாளர் இடத்தில் கரண்ட் போவதும் வருவதும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் அப்போதுதான் சேர்ந்திருந்தான். அவன் சுவிட்சைப் படபடவென்று தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இங்க வாங்க, செத்துடுச்சு" என்றான். மறுபடி அணைத்து மீட்டரை வைத்தோம். 3.3 வோல்ட் லைனில் 0.9 வோல்ட் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அது ஏன் அங்கே போய் நிற்கிறது? உள்ளீட்டு வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கன்வெர்ட்டர் ஐசி (உள்ளே வரும் வோல்டேஜை வேண்டிய வோல்டேஜாக மாற்றித் தரும் சிப்) தன்னை நிறுத்திக்கொள்ளும். அதன்பின் வெளியீட்டுக் கபாசிட்டரில் மிச்சமிருப்பதை லோடுதான் (சப்ளையிலிருந்து கரண்ட் எடுக்கும் பகுதி) குடித்துத் தீர்க்க வேண்டும். ஆனால் லோடு ஒரு சிப். வோல்டேஜ் ஒரு வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய மூடிவிடுகின்றன, குடிப்பதற்கு ஆளில்லை. முதல் இரண்டு வோல்ட் சட்டென்று இறங்கும், கடைசி ஒரு வோல்ட் நிமிடக்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தால் சிப்புக்குத் தான் அணைந்ததே தெரியாது. எங்கள் போர்டில் மாட்டிக்கொண்டது எஸ்டி கார்டு. மறுபடி எழுப்ப வேண்டுமென்றால் அதன் சப்ளை 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தது 1 மில்லிவிநாடி இருந்தாக வேண்டும் என்று அதன் விதியிலேயே இருக்கிறது. நாங்கள் அதைப் படித்திருக்கவில்லை.

முதல் படி: எத்தனை வோல்ட், எத்தனை விநாடி, யாருக்காக

ரெசிஸ்டர் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: "அணைத்த பின் இந்த லைன் இத்தனை விநாடிக்குள் இத்தனை வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும்." இதை எழுதாமல் மதிப்பைக் குத்துமதிப்பாகப் போட்ட சர்க்யூட்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் போட்டவனும் நானே.

சிப்புக்காக என்றால் இலக்கு பெரும்பாலும் 0.2 முதல் 0.5 வோல்ட், நேரம் சில நூறு மில்லிவிநாடி. மனிதக் கைக்காக என்றால் கணக்கு வேறு. கணினி, ஆடியோ, வீடியோ சாதனங்களுக்கான ஐ.இ.சி. 62368-1 தரநிலையில் தொட்டாலும் ஆபத்தில்லாத முதல் வகுப்புக்கான டிசி எல்லை 60 வோல்ட். ஆகவே 48 வோல்ட் சப்ளையில் ஷாக் பெரிய கவலை இல்லை. கவலை தீப்பொறிதான். பெரிய கபாசிட்டரில் ஆற்றல் நிற்கும்போது கனெக்டரைக் கழற்றினால் பின் கருகும், ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பளிச்சென்று வெட்டும். 12 வோல்ட்தானே என்று சூப்பர் கபாசிட்டர் பேங்க் பக்கத்தில் மோதிரத்தோடு கை வைப்பவர்களை நான் மேசையை விட்டு எழுப்பி அனுப்பிவிடுவேன்.

230 வோல்ட் ஏசியை நேராக ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. 415 வோல்ட் மூன்று ஃபேஸ் என்றால் 587 வோல்ட். இவை உயிருக்கே உலை வைக்கும் அளவுகள். மோட்டார் டிரைவின் மூடியில் "அணைத்த பின் 10 நிமிடம் காத்திருக்கவும்" என்ற மாதிரி ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

இரண்டாம் படி: உண்மையான கொள்ளளவைக் கூட்டுவது

சர்க்யூட் படத்தில் உங்கள் கன்வெர்ட்டர் பக்கம் இருப்பதை மட்டும் எண்ணினால் தப்பாகும். லோடு போர்டில் இருக்கும் ஒவ்வொரு கபாசிட்டரும் அதே லைனில்தான் இருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் என்றால் கூடவோ குறையவோ 20 சதவீதம் இருக்கலாம். கூடுதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செராமிக்கில் டிசி வோல்டேஜ் ஏற ஏறக் கொள்ளளவு குறையும், வோல்டேஜ் இறங்கும்போது திரும்பக் கூடும். அதனால் அதற்கு மேலே எழுதியிருக்கும் மதிப்பையே போட்டால் பாதுகாப்பான பக்கம் நிற்கலாம்.

பிறகு ஆற்றல். கொள்ளளவில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜூல் கணக்கு வரும். 48 வோல்ட்டில் 4700 மைக்ரோஃபாரட் என்றால் 5.4 ஜூல். 325 வோல்ட்டில் 470 மைக்ரோஃபாரட் என்றால், கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு, ஆற்றலோ 25 ஜூல். நீங்கள் போடப்போகும் ரெசிஸ்டரின் உடம்பு தாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அவ்வளவும் அதற்குள் சூடாகத்தான் போகும்.

மூன்றாம் படி: எப்போதும் இருக்கும் பிளீடர் போதுமா என்று பார்ப்பது

பிளீடர் என்பது வெளியீட்டின் குறுக்கே நிரந்தரமாக நின்று மின்னூட்டத்தை வடிக்கும் ஒரு ரெசிஸ்டர். கெட்டுப்போக எதுவும் இல்லாத எளிய வழி. ரெசிஸ்டரையும் கொள்ளளவையும் பெருக்கினால் வருவது ஒரு கால மாறிலி. ஒன்று முடிந்தால் 37 சதவீதம் மிச்சம், மூன்று முடிந்தால் 5 சதவீதம், ஐந்து முடிந்தால் ஒன்றுக்கும் கீழே.

நம் 48 வோல்ட், 4700 மைக்ரோஃபாரட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டால் கால மாறிலி 47 விநாடி. 5 வோல்ட்டுக்கு வர சுமார் 106 விநாடி ஆகும். ஆன் ஆகியிருக்கும் நேரமெல்லாம் வீணாவது 0.23 வாட் மட்டுமே, சகித்துக்கொள்ளலாம். சரி, அவசரம் என்று 1 கிலோ ஓம் போட்டால் 10.6 விநாடியில் முடியும். ஆனால் 2.3 வாட் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுளைத் தின்னும். என் வழக்கம்: பிளீடரில் ஒரு வாட்டுக்கு மேல் போகிறது என்றால் அடுத்த படிக்குத் தாவிவிடுவேன்.

325 வோல்ட் பக்கம் வரும்போது வாட்டைவிட ரெசிஸ்டரின் வோல்டேஜ் தாங்கும் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண 1206 அளவுச் சிப் ரெசிஸ்டர் (போர்டின் மேலேயே ஒட்டும் சின்ன வகை) 200 வோல்ட் வரைதான், 0805 என்றால் 150. எத்தனையோ போர்டுகளில் ஒற்றைச் சிப்பை 325 வோல்ட்டின் குறுக்கே போட்டிருப்பார்கள். அது நாளடைவில் திறந்துகொள்ளும், அதாவது உள்ளே இணைப்பு அறுந்துவிடும். பிளீடர் திறந்துகொண்டால் எந்தச் சத்தமும் இருக்காது, சப்ளை அழகாக ஓடும், அடுத்து மூடியைத் திறப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே 47 கிலோ ஓம், 2 வாட், இரண்டைத் தொடராகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 162 வோல்ட், 0.56 வாட். 470 மைக்ரோஃபாரட் 60 வோல்ட்டுக்கு இறங்க 75 விநாடி. 587 வோல்ட் பேங்கில் இரண்டு கபாசிட்டர்களைத் தொடராக வைப்போம். அவற்றைச் சமன் செய்யப் போடும் ரெசிஸ்டர்களே பிளீடர் வேலையையும் பார்த்துவிடும்.

சிலர் எல்இடியையும் ஒரு ரெசிஸ்டரையும் பிளீடராகப் போடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் 2 வோல்ட் அருகில் எல்இடி அணைந்துவிடும், அதற்குக் கீழே இறங்காது. கைக்கான எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம், சிப்புக்கு உதவாது.

நான்காம் படி: அணைக்கும்போது மட்டும் வேலை செய்யும் டிஸ்சார்ஜ் சர்க்யூட்

எல்லாம் செத்த பிறகு விழித்திருந்து வேலை செய்ய வேண்டிய ஒரே சர்க்யூட் இது. அதற்கு உயிர் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. "மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து ஒரு பின்னை எடுத்து மாஸ்ஃபெட்டை ஆன் செய்தால் போச்சு" என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். (மாஸ்ஃபெட் என்பது கேட் என்ற காலில் வோல்டேஜ் கொடுத்தால் டிரெய்ன், சோர்ஸ் என்ற மற்ற இரு கால்களுக்கிடையே கரண்டை விடும் டிரான்சிஸ்டர்.) கரண்ட் போகும்போது அந்த மைக்ரோகன்ட்ரோலரும் சேர்ந்தே போகிறதே!

வழி, தலைகீழாக யோசிப்பது. உயிர் இருக்கும்வரை ஒரு சிக்னல் டிஸ்சார்ஜைத் தடுத்துப் பிடித்திருக்க வேண்டும். சிக்னல் போனதும் டிஸ்சார்ஜ் தானாகத் தொடங்க வேண்டும். 48 வோல்ட் சப்ளைக்கு நாங்கள் போடுவது இது. வெளியீட்டின் ப்ளஸ்ஸிலிருந்து 47 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், அதன் மறுமுனை என்-சேனல் மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கு, சோர்ஸ் மைனஸுக்கு. அதே ப்ளஸ்ஸிலிருந்து ஒரு டயோடு, ஒரு 100 கிலோ ஓம் வழியாக கேட்டுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டயோடும் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும். கேட்டைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர். அதன் கலெக்டர் 100 ஓம் வழியாக கேட்டுக்கு, எமிட்டர் மைனஸுக்கு. பேஸுக்குத் தகுந்த ரெசிஸ்டர் வழியாக "கன்வெர்ட்டர் ஓடுகிறது" என்ற சிக்னல்.

சிக்னல் இருக்கும்வரை கேட் பூஜ்யத்தில், 100 கிலோ ஓமில் வீணாவது அரை மில்லிஆம்பியர்கூட இல்லை. சிக்னல் போனதும் என்பிஎன் விட்டுவிடும், சுமார் 10 மில்லிவிநாடியில் கேட் ஏறும், 47 ஓமில் ஒரு ஆம்பியர் பாயும். கால மாறிலி 0.22 விநாடி. அரை விநாடியில் 5 வோல்ட், 0.9 விநாடியில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே.

அந்த டயோடு எதற்கு? அது இல்லையென்றால் வெளியீடு இறங்க இறங்க கேட்டும் கூடவே இறங்கும். 3, 4 வோல்ட் வந்ததும் மாஸ்ஃபெட் மூடிக்கொள்ளும், அங்கேயே நின்றுவிடும். டயோடு இருந்தால் கேட் கபாசிட்டரில் ஏறிய 12 வோல்ட் வெளியீட்டோடு திரும்பிப் போக முடியாது. மாஸ்ஃபெட் கடைசிவரை திறந்தே இருக்கும். முதல் வடிவமைப்பில் இந்த ஐம்பது பைசா சாமானை விட்டுவிட்டு, "ஏன் 3.6 வோல்ட்டில் நிற்கிறது" என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

47 ஓமில் முதல் கணத்தில் 49 வாட். 10 வாட் ரெசிஸ்டர் எரியாதா? எரியாது, ஒயர்வவுண்ட் வகை என்றால். மொத்தமே 5.4 ஜூல், அதை அந்தக் கம்பியும் பீங்கானும் எளிதாக விழுங்கிவிடும். அதே இடத்தில் சிப் ரெசிஸ்டரைப் போட்டால் கதை வேறு, அதற்கு உடம்பில்லை. பல்ஸ் தாங்கும் வரைபடம் டேட்டாஷீட்டில் இருந்தால் மட்டும் சிப்பைத் தொடுங்கள். இதற்கு மாற்றாக மாஸ்ஃபெட்டையே நிலையான கரண்ட் சிங்க்காக ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்போது வோல்டேஜ் நேர்கோட்டில் இறங்கும், ஆனால் சூடெல்லாம் மாஸ்ஃபெட்டில் விழும். ஸ்விட்சிங்குக்காகச் செய்த மாஸ்ஃபெட்டுகள் அப்படி அரைகுறையாகத் திறந்து நிற்பதை விரும்புவதில்லை. எவ்வளவு வோல்டேஜும் கரண்டும் சேர்ந்து தாங்கும் என்று காட்டும் சேஃப் ஆப்பரேட்டிங் ஏரியா வரைபடத்தில் டிசி கோட்டைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி இந்த சர்க்யூட்டின் பலவீனம். ஆன் செய்யும்போது "ஓடுகிறது" சிக்னல், வெளியீடு எழும் முன்பே வந்திருக்க வேண்டும். தாமதமானால் கன்வெர்ட்டர் ஒரு கையால் ஏற்ற, டிஸ்சார்ஜ் மறு கையால் இறக்கும். வெளியீடு மெல்ல ஏறும் சாஃப்ட் ஸ்டார்ட் நேரத்திலேயே ஓவர்லோடு என்று சப்ளை விக்கும். அதைவிட மோசம், அந்த என்பிஎன் உள்ளே இணைப்பு அறுந்து கெட்டுப்போனால் 47 ஓமில் விடாமல் 49 வாட். சிமென்ட் செங்கல்லாகச் சிவக்கும். ரெசிஸ்டரோடு ஒட்டி ஒரு தெர்மல் ஃப்யூஸ் (சூடு மீறினால் அறுந்துவிடும் ஃப்யூஸ்) வையுங்கள், அல்லது ரெசிஸ்டருக்குப் பதில் டிஸ்சார்ஜுக்கென்றே வரும் பிடிசி போடுங்கள். அது சூடானால் தன் மதிப்பைத் தானே ஏற்றிக்கொண்டு அடங்கிவிடும்.

கேட் உயிர்ப் பிரச்சினையே வேண்டாம் என்றால் டிப்ளீஷன் வகை மாஸ்ஃபெட். கேட்டில் எதுவும் இல்லாதபோது அது ஆன், நெகட்டிவ் கொடுத்தால்தான் ஆஃப். 400 வோல்ட் தாங்கும் டிஎன்2540 இதற்குப் பழைய ஆள். பழங்கால வழி ஒன்றும் உண்டு: ரிலேயின் நார்மலி க்ளோஸ்டு கான்டாக்டில் ஒரு ரெசிஸ்டர். கரண்ட் போனால் ரிலே விழும், கான்டாக்ட் சேரும். பெரிய டிரைவுகளுக்கு எனக்கு இன்றும் இதுதான் பிடிக்கும். கவனிக்க வேண்டியது, டிரைவின் டிசி லைன் வோல்டேஜ் ஏறும் முன்பே ரிலே இழுத்திருக்க வேண்டும். 325 வோல்ட் டிசி ஓடும்போது கான்டாக்ட் திறந்தால் பொறி அணையாது.

ஐந்தாம் படி: 5, 3.3, 1.2 வோல்ட் லைன்கள்

இங்கே வேலையில் பாதியை ஐசிகளே செய்துவிடுகின்றன. லோடு ஸ்விட்ச் (லைனை இணைத்துத் துண்டிப்பது), எல்டிஓ (வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தருவது) வகைகள் பலவற்றில் குவிக் அவுட்புட் டிஸ்சார்ஜ் உள்ளேயே வரும். எனேபிள் பின்னை (ஐசியை ஆன், ஆஃப் செய்வது) இறக்கினால் உள்ளிருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் வெளியீட்டைத் தரைக்கு இழுக்கும். ஒரே ஐசி இரண்டு வகையில் விற்கும், ஒன்றில் இது இருக்கும், இன்னொன்றில் இருக்காது, வித்தியாசம் பார்ட் நம்பரில் ஓர் எழுத்து. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கொடுப்பதை அப்படியே வாங்கிவராதீர்கள். இன்னொன்று, எனேபிள் இறங்கினால்தான் பெரும்பாலும் இது வேலை செய்யும். உள்ளீடே மறைந்தால் அந்த டிரான்சிஸ்டரை ஆன் செய்யவும் ஆளிருக்காது. கரண்ட் போவதை முன்கூட்டியே உணர்ந்து, உள்ளீடு முழுதாக விழும் முன் எனேபிளை இறக்கினால் உள்ளே இருப்பதன் முழுப் பயனும் கிடைக்கும்.

வெளியே போட வேண்டுமென்றால், 3.3 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரட்டுக்கு 47 ஓம் போதும். 0.2 வோல்ட்டுக்கு வர 130 மில்லிவிநாடி, ஆற்றல் வெறும் 5 மில்லிஜூல். சிப் ரெசிஸ்டரே தாராளம். கேட்டுக்கு மட்டும் உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து டயோடு வழியாக நிரம்பிய ஒரு தனிக் கபாசிட்டர் வேண்டும். 3.3 வோல்ட் தானே தன் கேட்டைத் திறந்து வைக்க முடியாது. எஃப்பிஜிஏ (உள்சர்க்யூட்டை நாமே எழுதிக்கொள்ளும் சிப்) மாதிரி பல லைன் கேட்கும் சிப்பாக இருந்தால், ஏற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் இறக்குவது வழக்கம். ஒவ்வொரு லைனின் ரெசிஸ்டரையும் மாற்றி அந்த வரிசையை அமைக்கலாம்.

வோல்டேஜைக் குறைத்துத் தரும் சிங்க்ரனஸ் பக் கன்வெர்ட்டர் சிலவற்றில் அணைக்கும்போது வெளியீட்டை மெதுவாக இறக்கும் வசதி உண்டு. அப்போது அது வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட்டாகத் தலைகீழாக ஓடி, வெளியீட்டு ஆற்றலை உள்ளீட்டுக்குத் தள்ளும். உள்ளீட்டில் தடுப்பு டயோடு இருந்தால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடமில்லை, உள்ளீட்டு வோல்டேஜ் எகிறும்.

எவ்வளவு போட்டும் லைன் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வரவில்லையா? யூஎஸ்பி சீரியல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். கணினிப் பக்கத்துத் தரவுக் கம்பி, சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியாக லைனுக்கே தீனி போட்டுக்கொண்டிருக்கும். எங்கள் கன்ட்ரோலரில் 0.9 வோல்ட்டைச் சரிசெய்த மறுநாள் 1.3 வோல்ட் வந்து நின்றதற்குக் காரணம் இதுதான். பையன் மடிக்கணினியை மாட்டிவைத்திருந்தான்.

ஆறாம் படி: எங்கே இணைப்பது

இரண்டு சப்ளைகளை டயோடு அல்லது மாஸ்ஃபெட் மூலம் ஒரே லைனில் சேர்த்திருந்தால், டிஸ்சார்ஜ் சர்க்யூட் அந்த டயோடுக்கு முன்பு, கன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் வைத்தால் செத்த சப்ளையின் டிஸ்சார்ஜ், உயிரோடு இருக்கும் சப்ளையை இழுக்கத் தொடங்கும். வெளியீட்டில் பேட்டரி இருந்தாலும் இதேதான், பேட்டரியை "இறக்க" முயன்றால் ரெசிஸ்டர்தான் சாம்பலாகும்.

ஏழாம் படி: சோதனை

லோடைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மோசமான நிலை அதுதான். ஆஸிலோஸ்கோப்பை இறங்கும் விளிம்பில், சிங்கிள் ஷாட்டில் வைத்து, எழுதிவைத்த வாக்கியத்தோடு வளைவை ஒப்பிடுங்கள். மெயின்ஸ் பக்கத்து 325 வோல்ட்டை அளக்க டிஃபரன்ஷியல் ப்ரோப் வேண்டும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அளக்கும் வழக்கத்தை எங்கே கற்றிருந்தாலும் மறந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஓசூர்ப் பையன் செய்ததைச் செய்யுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் என்று பத்து நிமிடம் தட்டுங்கள். 5.4 ஜூல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்றால் சராசரி 2.7 வாட். ரெசிஸ்டரின் சூடு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். கடைசியாக என்பிஎன்னின் பேஸைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, தெர்மல் ஃப்யூஸ் புகை வரும் முன் அறுகிறதா என்று பாருங்கள்.

ரிப்பேர் மேசையில்

மற்றவர் செய்த சப்ளையைத் திறக்கும்போது உள்ளே என்ன பிளீடர் இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. மெயின்ஸ் பிளக்கைக் கழற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் நேரம் காத்திருங்கள், அதற்குப் பிறகும் தகுந்த ரேட்டிங் உள்ள மீட்டரால் அளந்துவிட்டுத்தான் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று வெடிக்கவிடுவது வீரம் மாதிரி தெரியும். டெர்மினலும் உருகும், கபாசிட்டரின் உள் இணைப்பும் அடிபடும், கண்ணுக்கும் ஆபத்து. 2.2 கிலோ ஓம், 25 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை நன்கு இன்சுலேட் செய்த இரண்டு ப்ரோப்புகளோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 470 மைக்ரோஃபாரட்டுக்கு ஐந்து விநாடி பிடித்தால் போதும்.

முன்பெல்லாம் 60 வாட் குண்டு பல்பைக் குறுக்கே பிடிப்போம், வெளிச்சம் வந்து மங்குவதே இறங்கியதற்கு அடையாளம். அந்த இடத்தில் எல்இடி பல்பைப் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் டிரைவர் ஓர் அளவுக்குக் கீழே கரண்ட் எடுக்காது, பல்பு அணைந்த பிறகும் வோல்டேஜ் மிச்சம் நிற்கும்.

இறக்கி, பூஜ்யம் என்று பார்த்துவிட்டு மேசையில் வைத்த பெரிய எலக்ட்ரோலிட்டிக்கை அரை மணி கழித்து அளந்தால் சில வோல்ட் திரும்பி வந்திருக்கும். மின்காப்புப் பொருளுக்குள் ஊறியிருந்த மின்னூட்டம் மெல்ல வெளியே வருவது அது. 400 வோல்ட் வகையில் விரலைச் சுளீர் என்று இழுக்கும் அளவுக்கும் அது வரலாம். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பழைய இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய பெரிய கபாசிட்டர் வாங்கினால் சில கடைக்காரர்கள் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார்கள். அதைப் போர்டில் மாட்டப்போகும் நேரத்தில் கழற்றினால் போதும்.